இரும்புப் பெட்டி வெடித்த மதியம்

விருதுநகரில் டீச்சர் டிரெயினிங் படித்தபோது நான் பார்த்த படம் அது. ஒரு சமையல் கோஷ்டி, கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போதே ஜமீன்தாரின் இரும்புப் பெட்டியை வெடி வைத்துத் திறக்கப் பார்க்கும். வெடித்த பிறகும் பெட்டி அப்படியே நிற்கும். பின்சுவர் மட்டும் விழுந்து, அடுத்த அறையில் குளித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் சோப்பு நுரையோடு முழிப்பார். விடுதிப் பெண்கள் நாங்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு அந்தப் படம் எங்கே போனதென்றே தெரியவில்லை. டிவியிலும் போடவில்லை. எத்தனை கேசட் கடைகளில் கேட்டு அலைந்திருப்பேன்!

இருபது வருஷம் கழித்து அது டிவிடியாக வந்தது. சிவகாசி அச்சாபீசில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், பஜாரில் பார்த்ததும் வாங்கி வந்துவிட்டார். அட்டையில் 'புதிய டிஜிட்டல் ஒலியில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரியை நான் சட்டையே செய்யவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறவளின் லட்சணம் இது.

அப்போது எம். புதுப்பட்டியில் இருந்தோம். ஊரில் பாதிப் பேர் காலையில் வேன் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். எனக்குக் கோடை லீவு. மதியம் மூன்று மணி, வெயில் கொளுத்தியது. ஜன்னல் கதவு எல்லாவற்றையும் திறந்து போட்டு, மின்விசிறிச் சத்தத்தில் வசனம் கேட்கவில்லையே என்று புது ஹோம் தியேட்டரின் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

தியேட்டரில் அந்த வெடி 'டப்' என்றுதான் கேட்டிருந்தது. இப்போது அதைப் புதிதாகச் செய்து சேர்த்திருக்கிறார்கள், பாவிகள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அடுப்படியில் டம்ளர் உருண்டது. அப்புறம் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் தெருவில் கதவுகள் படபடவென்று திறந்தன.

எங்கள் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் என்னவென்று கேட்க மாட்டார்கள். எந்தப் பக்கம் புகை என்றுதான் பார்ப்பார்கள். அதிலும் சித்திரை வெயிலில். வெளியே எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண் செருப்பில்லாமல் ஓடிவந்துகொண்டிருந்தாள். எட்டு மாசக் கர்ப்பிணி. அவள் புருஷனுக்குக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற ரூமில் வேலை. குழாயடியில் கால் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். "அய்யோ, ஒண்ணுமில்லம்மா! எங்க வீட்டு டிவியில ஓடுன சினிமா அது. ஒன் வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகல!"

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. சாவுச் செய்தி கொண்டுவருகிற யாரும் இங்கே எடுத்தவுடன் சொல்வதில்லை. ஒண்ணுமில்லை, லேசான காயந்தான், கிளம்பி வா என்பார்கள். வகுப்பிலிருந்து பிள்ளைகளை எழுப்பி அனுப்பும்போது நானே சொல்லியிருக்கிறேன், "ஒண்ணுமில்லப்பா, அம்மா கூப்பிடுறாக" என்று. மூன்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்லாதீக டீச்சர். ஆளு இருக்காகளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

சத்தியம் செய்தேன். கர்த்தர் மேல் ஆணை என்றேன். நான் அடித்துச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறிக்கொண்டே போனது. கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்து, இந்தா நீயே பார் என்று அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்கிற புத்திகூட இல்லை எனக்கு. மறுபடியும் அதே இடி. தெருவில் பெண்கள் அலறினார்கள். "ஏய், ரெண்டாவது ரூமும் போச்சுடி!"

அவள் திரையைப் பார்க்கவே இல்லை. "என்னையத் தேத்தத்தான படத்தப் போட்டுக் காட்டுறீக?" என்றாள்.

கம்பெனிக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஆபீஸ் போனுக்கு அடித்தேன். எங்கேஜ்டு. திரும்ப அடித்தேன், எங்கேஜ்டு. என் வீட்டுச் சத்தத்தைக் கேட்டு ஊரே அந்த நம்பருக்கு அடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாசலில் கூடியிருந்தவர்களுக்கு அதுவே சாட்சியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்து என் காதோரம் சொன்னாள், "வயிறு கல்லா இறுகிக் கெடக்கு டீச்சர். ஆளக் கண்ணுல காட்டலைன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. வெரசாப் போங்க."

மொபெட்டை எடுத்தேன். ரெண்டு மைல், இருபுறமும் காய்ந்த காடு. போகப் போக என் கண்ணும் புகையைத்தான் தேடியது. படத்துச் சத்தத்தோடு சத்தமாக நிஜமாகவே ஏதாவது வெடித்திருந்தால்? நான் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் போயிருந்தால்? எனக்கு அது கேட்டிருக்காதே! வானம் வெறுமையாக இருந்தது. அதையும் நம்ப முடியவில்லை. வாய்விட்டு ஜெபம் பண்ணிக்கொண்டே ஓட்டினேன்.

கேட்டில் எனக்கு முன்னாலேயே பத்துப் பேர் நின்றார்கள். வாட்ச்மேன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "இங்கன ஒண்ணும் வெடிக்கலம்மா, போங்க!" ஒருத்தரும் நகரவில்லை. என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். டீச்சரே வந்திருக்கிறார் என்றால் சும்மாவா? போர்மேனைக் கூப்பிட்டு, எதிர்வீட்டுக்காரனை வரச் சொல்லுங்கள் என்றேன். முழங்கைவரை சில்வர் பவுடரோடு அவன் நடந்துவந்தான். உயிரோடு, முழுசாக.

"ஒண்ணுமில்ல தம்பி, வீட்டுல எல்லாரும் நல்லாருக்காக. சும்மா என் கூட வாங்க" என்றேன்.

அவன் அப்படியே கேட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். "பிள்ளையா டீச்சர், அவளா?" என்றான்.

என் நாக்கை அறுத்துப் போட வேண்டும். நடந்ததைச் சொன்னேன், திக்கித் திக்கி. சினிமா, இரும்புப் பெட்டி, ஸ்பீக்கர் என்று என்னென்னமோ சொன்னேன். அவனும் நம்பவில்லை. மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். ஊர் வரும்வரை அவன் பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

என் வீட்டுச் சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் உள்ளே வந்து முன்னால் மண்டியிட்டதும், முதலில் அவன் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முகம், கழுத்து, காது. சட்டையைத் தூக்கி முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. பக்கத்து வீட்டு அக்கா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பயமில்லை, இளகிவிட்டது என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மன்னிச்சிரும்மா, மன்னிச்சிரும்மா என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் புருஷனின் தோளுக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப, வெடியில போனது யாரு வீட்டு ஆளு டீச்சர்?" என்று கேட்டாள்.