காயாத பெட்சீட்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான். இல்லாதவர் சித்தப்பா. அப்பாவின் தம்பியான அவர் எங்களோடுதான் இருந்தார். ஹெந்தளையில் ஒரு கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் விடியும்போதே பஸ் ஏறிவிட்டார். சொந்த அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது படம் பார்க்கப் போனவர் அவர். நாங்கள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் எங்களுக்கு வேறு கவலை இருந்தது. எட்டு மணிக்கு மாத்தயா வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் எதற்காக வருகிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவரை வரவழைத்தது நான்தான் என்பதும் தெரியும்.

எங்கள் வீடு முகத்துவாரத்தில், கால்வாய்க் கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. அப்பா பதினொரு வருடம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் வாங்கிய ஒன்றரை அறை வீடு. வீட்டு உறுதிக் கடதாசியை அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். அதை அவரால் வாசிக்க முடியாது. ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, தூசி தட்டி, என்னிடம் தந்து, தன்னுடைய பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுவார். காட்டினால் திருப்தியாக மறுபடி செருகிவிடுவார்.

அந்த வீட்டின் ஒழுங்கைப் பக்கச் சுவரில், தண்ணீர்க் குழாய் கசியும் இடத்தில், ஒரு செடி முளைத்தது. காகம் போட்ட விதையாக இருக்க வேண்டும். மூன்றாவது இலை வந்தபோதுதான், அதன் நுனியில் நீண்டிருந்த வாலைப் பார்த்து, அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அது அரசங்கன்று.

ஊரில் என்றால் பிடுங்கி எறிந்துவிட்டுப் போகலாம். இங்கே அது புத்தர் ஞானம் பெற்ற மரம். வெட்டினால், தமிழ் வீட்டில் போ மரத்தை வெட்டினார்கள் என்ற கதை அந்திக்குள் கொட்டாஞ்சேனை வரைக்கும் போய்விடும். அந்த நாட்களில் அப்படியான கதைகளுக்குப் பெரிய கால்கள் இருந்தன. விட்டாலும் ஆபத்து. பெரிய வீதி பஸ் தரிப்பிடத்தில் இப்படித்தான் ஒரு கன்று முளைத்தது. முதலில் ஒருவர் கொடி கட்டினார். பிறகு ஒரு விளக்கு, பிறகு தகரக் கூரை, பிறகு வேலி. இப்போது பஸ் ஐம்பது யார் தூரம் தள்ளித்தான் நிற்கிறது. எங்கள் வீட்டுக்குத் தள்ளி நிற்க இடமில்லை. அப்பா கணக்குப் பார்த்தார்: கொடி கட்டினால் சுவர் போகும், விளக்கு வைத்தால் அறை போகும், கூரை வந்தால் உறுதிக் கடதாசியில் பெயர் இருந்து என்ன பயன்?

அதனால் அம்மா அதன்மேல் ஒரு பெட்சீட்டைக் காயப்போட்டார். நீலப்பூப் போட்ட பெட்சீட். மூன்று மாதமாக அது காய்ந்துகொண்டே இருந்தது, மழை பெய்யும் நாட்களிலும். பக்கத்து வீட்டு நோனா ஒருநாள் சிங்களத்தில் கேட்டே விட்டார்: "அக்கே, ஒங்க வீட்டில ஒரு பெட்சீட்தானா இருக்குது, இல்லாட்டி யாராவது ராவில நனைக்கிறாங்களா?" அம்மா என்னைக் காட்டிச் சமாளித்தார். ஐந்தாம் வகுப்பில் படித்த எனக்கு அந்தப் பழி வெகுகாலம் நின்றது.

சித்தப்பா இரகசியமாக வைத்தியம் செய்துகொண்டிருந்தார். சோறு வடித்த கொதி கஞ்சியை ஊற்றினார். கன்று இரண்டு இலை கூட விட்டது. உப்புத் தண்ணீர் ஊற்றினார். அதுவும் அதற்குப் பிடித்திருந்தது. கடைசியில் துறைமுகத்து கராஜிலிருந்து சோடாப் போத்தல் ஒன்றில் பற்றரி அசிட் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தார். அசிட்டால் கருகிய செடியைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அப்பா கேட்டதற்கு, "வெயிலில காஞ்சது எண்டு நினைப்பாங்கள்" என்றார். பெட்சீட்டுக்குக் கீழே வெயில் எப்படி வரும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை.

இனி மாத்தயா. சிங்களத்தில் 'ஐயா' என்று அர்த்தம்; ஒழுங்கை முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டது. ஒழுங்கை முனையில், புத்தகங்களுக்கு நடுவில், மகளோடு இருந்தவர். பல்கலைக்கழகத்தில் பாளியும் பௌத்த தர்மமும் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பழைய தமிழ்ச் செய்யுள்களில் பௌத்தம் இருக்கிறது என்று அறிந்து, ஐம்பது வயதுக்குமேல் தமிழ் படித்தார். செய்யுளில் படித்ததால் செய்யுளைப் போலவே பேசினார். அம்மாவை 'அம்மையீர்' என்பார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவார்.

பச்சைப் புல்லிலும் தண்ணீரிலும் பிக்குமார் எச்சில்கூடத் துப்பக்கூடாது என்று புத்தர் விதித்தாராம். அதைப் பற்றி மாத்தயா தடித்த புத்தகம் ஒன்று எழுதியிருந்தார். எழுதியதோடு நிற்கவில்லை. கால்வாயோரச் சதுப்பை நிரப்ப மண் லொறி வந்தால், ஒரு மடிப்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அதன் முன்னால் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்து, அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருப்பார். லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான். மாத்தயா ஒரு தாளைப் புரட்டுவார். திருத்தி முடிந்த தாள்களை ஒழுங்கைப் பிள்ளைகளுக்குத் தருவார். அவற்றின் வெள்ளைப் பக்கத்தில்தான் நான் கணக்குச் செய்து படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கணக்குச் செய்தவன் நான்.

சதுப்பை நிரப்ப வந்தவர்கள் அங்கே ஒன்றுமில்லை, வெறும் பற்றை என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக மாத்தயா ஒரு மனு தயாரித்தார். கரையிலும் ஒழுங்கைகளிலும் உள்ள மரம் செடி எல்லாவற்றையும் எழுதி வரும்படி பிள்ளைகளிடம் சொன்னார். எங்கள் ஒழுங்கை எனக்கு. "ஒன்றையும் விடாதே, தம்பி. பொய்யும் எழுதாதே" என்றார்.

நான் ஒன்றையும் விடவில்லை. பொய்யும் எழுதவில்லை. இருபத்துமூன்றாம் இலக்கத்தில் இப்படி எழுதினேன்: 'எங்கள் வீட்டுச் சுவர், பெட்சீட்டுக்குப் பின்னால். அரசு. ஒன்று. உயரம் ஒன்றரை அடி.'

மாத்தயா விரலை வைத்து வைத்து வாசித்துக்கொண்டு வந்தார். இருபத்துமூன்றில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "நாளைக் காலை எட்டு மணிக்கு வருவேன். உன் தந்தையாரிடம் உரைப்பாயாக" என்றார்.

உரைத்தேன். அப்பா என்னை அடிக்கவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்தார். அம்மாதான் கத்தினார். "மூண்டு மாசமா நான் பெட்சீட் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், நீ நம்பர் போட்டு எழுதிக் குடுத்தனீயோ?" சித்தப்பா கட்டிலுக்குக் கீழே பார்த்தார்.

எட்டு மணிக்கு மாத்தயா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடையில் மண் சட்டி, சிறு கரண்டி, நனைத்த சாக்கு. அவர் எங்கே போனாலும் பின்னால் நாலு பேர் போவது வழக்கம். அன்றைக்கு ஒழுங்கை முழுக்க வந்தது. நோனா வந்தார். பஸ் தரிப்பிடத்துக் கன்றுக்குத் தகரக் கூரை போட்ட கடை முதலாளியும் வந்தார். அவரைக் கண்டதும் அப்பாவின் முகம் செத்துப்போனது.

"அம்மையீர், இவ்விரிப்பு இன்னும் உலரவில்லையோ?" என்றார் மாத்தயா.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்சீட்டைப் பிடித்து இழுத்தார். அது இரண்டாகக் கிழிந்து கையோடு வந்தது. நடுவில் சல்லடையைப்போல் ஓட்டைகள், ஓரமெல்லாம் மஞ்சளாகக் கருகல். சித்தப்பா விடியற்காலை இருட்டில், பெட்சீட்டைத் தூக்கிப் பார்க்காமலே, அதற்கு மேலாலேயே ஊற்றியிருக்கிறார். கன்றோ ஒரு கீறல்கூட இல்லாமல், ஒன்பது இலையும் ஆட நின்றது.

கூட்டம் 'ஆ' என்றது. முதலாளி இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு கூப்பிய கைகளைப் பிரித்துச் சுவரை அளந்தார். சிங்களத்தில் சொன்னார்: "மாத்தயா, நல்ல இடம். ரோட்டைப் பார்த்து இருக்குது. என்னட்டத் தகரம் ரெண்டு மிச்சம் கிடக்குது."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மாத்தயா கன்றை விட்டுக் கண்ணை எடுக்காமல் சிங்களத்திலேயே சொன்னார்: "தகரம் இருந்தா நல்லதுதான் முதலாளி. ஆனா இந்தச் சுவரில மண் இல்ல, கன்று செத்துப் போயிரும். ஒங்க கடைப் பின்சுவர் அகலம். கல்லாப்பெட்டி இருக்கிற பக்கம். அங்க கொண்டு வந்து வைப்போமா?"

யாரோ சிரித்தார்கள். முதலாளி தகரத்தைப் பற்றி அதன்பிறகு கதைக்கவில்லை.

"கட்டின சுவரில கிடந்து சாக விடுறதுதான் பாவம்" என்று மாத்தயா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு கன்றுக்கு முன்னால் நின்று, அதில் குடியிருக்கும் தேவதைக்குப் பாளியில் ஏதோ சொல்லி, வேறு இடத்துக்கு வரும்படி அழைத்தார். முடித்ததும் அம்மாவின் பக்கம் திரும்பி, "நுமது அனுமதியும் வேண்டும்" என்றார். அம்மா, "ஓம் ஐயா, ஓம், ஓம்" என்று மூன்று தடவை அனுமதி கொடுத்தார்.

வேர் அறாமல் எடுக்க வேண்டுமானால் மூன்று செங்கல்லைப் பெயர்க்க வேண்டும். அப்பா அலவாங்கைக் கொண்டுவந்தார். பதினொரு வருடத்து மூட்டைகளில் வாங்கிய சுவரை, ஒழுங்கையே பார்த்துக்கொண்டிருக்க, தன் கையால் மெல்ல மெல்ல நெம்பினார். அப்படிச் சந்தோஷமாக அவர் வேலை செய்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மூன்றாவது கல் வந்ததும் வேர் முழுசாக வெளியே வந்தது, அக்காவின் பின்னல் அளவு நீளம். சுவரில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குள்ளால் எங்கள் கட்டில் தெரிந்தது. கட்டிலுக்குக் கீழே, பாதி காலியான சோடாப் போத்தல் தெரிந்தது.

மாத்தயா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

"அது யாது?"

"பற்றரிக்கு ஊத்துறது ஐயா" என்றார் அம்மா. பற்றரி போட எங்கள் வீட்டில் ஒரு டோர்ச்சுக்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை.

மாத்தயா நிமிர்ந்தார். கூட்டத்துக்குக் கேட்காமல், தமிழில் சொன்னார்: "அதனைக் கால்வாயில் மட்டும் ஊற்றற்க. என்னிடம் தருக." அம்மா பழந்துணியில் சுற்றிக் கொடுத்தார். அது சைக்கிள் கூடைக்குள் போனது. அப்பாவின் மூச்சு எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கன்று வைத்த சட்டியைக் கடை முதலாளியே தலையில் சுமந்தார். கால்வாய்க் கரையில், லொறிகள் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், ஈர மண்ணில் நட்டார்கள். நோனா விளக்கு வைத்தார்.

மறுநாள் மாத்தயா என் பட்டியலைத் திருப்பித் தந்து, நல்ல எழுத்தில் பிரதி செய்யச் சொன்னார். இருபத்துமூன்றில் 'எங்கள் வீட்டுச் சுவர், பெட்சீட்டுக்குப் பின்னால்' என்பதை வாசிக்கவே முடியாதபடி மையால் அடித்து, மேலே 'கால்வாய்க் கரை' என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. நான் பிழையாக எழுதவில்லை என்று வாதாடினேன். "நீ பிழை செய்யவில்லை. மரம் இடம் மாறிற்று" என்றார். அந்தத் தாள் பல அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகும் என்பதோ, எங்கள் வீடு அதில் இருக்கக்கூடாது என்று அவர் நினைத்தார் என்பதோ எனக்குத் தெரியவில்லை. முழுதாய் ஒரு மாதம் அவரோடு கோபமாக இருந்தேன்.

அந்தக் கோபத்துக்கு நடுவில்தான் மண் லொறி மறுபடி வந்தது. மாத்தயா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் சாரதி இறங்கிவிட்டான். கன்றையும் விளக்கையும் பார்த்தான், செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான், ஏறி லொறியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு எந்த லொறியும் வரவில்லை. ஒழுங்கை கைதட்டியது. அப்பா விசில் அடித்தார். மாத்தயா மட்டும் விரிக்காத ஸ்டூலோடு நின்றார்.

"மனுவைப் படித்துத் திரும்பியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்" என்றார், யாருக்கும் அல்லாமல்.

பஸ் தரிப்பிடத்தில் நடந்ததை அவர் கடைசிவரை ஏற்றுக்கொண்டதில்லை என்றும், கும்பிடும் மரத்தை வேலிக்கட்டை ஆக்கக்கூடாது என்று எழுதி முதலாளியிடமே ஏச்சு வாங்கியவர் என்றும் பிறகுதான் அறிந்தேன். கரையில் வைக்க எந்த நாளும் ஒரு கன்று அவருக்குக் கிடைத்திருக்கும். வைக்காமலே ஸ்டூலில் இருந்தவர், எங்களுக்காகத்தான் வைத்தார். வென்ற மனிதர் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறார் என்று அப்பாவிடம் கேட்டேன். "வயசு போட்டுது, வெயில் ஒத்துக்கொள்ளேல்ல" என்றார் அப்பா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சித்தப்பா, கூட்டாளிக்குக் காய்ச்சல் குணமாகி, மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். சுவரை அடைத்தவர் அவர்தான், செலவும் அவருடையதுதான். அரை மூட்டை சீமெந்து, ஒரு கூடை மணல், உடைந்த கல்லுக்குப் பதிலாக ஒரு செங்கல், ஒரு நீலப்பூ பெட்சீட்: எல்லாமாக இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.