பத்துக்கு எத்தனை?

அந்த வார்டில் அவளுக்குப் பெயர் 'பத்துக்கு எத்தனை அக்கா'. அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கொடுக்கும் புது வலி மாத்திரை ஒன்றைப் பற்றி ஆய்வு நடந்தது. காலை எட்டு மணிக்குக் கட்டில் கட்டிலாகப் போய், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டுப் படிவத்தில் எழுதுவது அவள் வேலை. இரண்டு வருடப் பழக்கம். வீட்டில் கணவர் தலைவலி என்றாலும் அதையே கேட்பாள். அவர் "பதினொண்ணு" என்பார்.

அவளுக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. யாராவது எட்டு என்றால் சுருங்கிவிடும். இரண்டு என்றால் தனக்கே குணமானதுபோல் மலர்ந்துவிடும். எண் சேகரிப்பவருக்கு ஆகாத குணம்.

முழங்கால் சிகிச்சை செய்துகொண்ட தச்சர் அன்று "மூணு" என்றார். எழுதிக்கொண்டு போனவள், மறந்த பேனாவை எடுக்கத் திரும்பினாள். திரைக்குப் பின்னால் தச்சர் மனைவியிடம் முனகினார்.

"உயிர் போகுதுடி. எட்டுக்குக் குறையாது."

"அப்புறம் ஏன் அந்தப் பொண்ணுகிட்ட மூணுன்னீங்க?"

"எட்டுன்னா அழற மாதிரி மூஞ்சிய வெச்சுக்குது. காலங்காத்தால அதை ஏன் அழவைக்கணும்? பக்கத்துக் கட்டில்காரரும் குறைச்சுத்தான் சொல்றாரு."

அவள் நின்றுவிட்டாள். பழைய மாத்திரை கொடுக்கும் மற்ற வார்டுகளில் சராசரி ஆறு, புதுசு கொடுக்கும் இங்கே மூன்று. புது மாத்திரை பிரமாதம் என்று பெரிய டாக்டர் பூரித்திருந்தார். வேலை செய்தது அவள் முகம். சொன்னால் இரண்டு வருட உழைப்பு குப்பைக்கு. சொல்லாவிட்டால் இந்த மாத்திரைதான் இனி எல்லோருக்கும். தச்சரைப்போல் எத்தனையோ பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள்.

தச்சருக்கு ஊசி போடச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனாள்.

"இந்த வார்டு எண்ணெல்லாம் செல்லாதா?"

"செல்லாது சார்."

"உங்க மூஞ்சியாலயா?"

"ஆமா சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அதற்குள் அது சுருங்கியிருந்தது. "சரி, சரி, முதல்லேருந்து ஆரம்பிப்போம்," என்றார் அவசரமாக.

இப்போது நோயாளிகளே சீட்டில் குறித்துப் பெட்டியில் போடுகிறார்கள். அதுவரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பாள்.

"பாத்துடாதம்மா," என்றார் தச்சர்.

"பாக்கல அண்ணே."

"இன்னைக்கு நெசமாவே நாலுதான்."

"சொல்லக் கூடாது அண்ணே!"

குரல் கண்டிப்பாகத்தான் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் முகம் மலர்ந்ததை வார்டே பார்த்தது. அடுத்த கட்டில்காரர் குறிக்கப்போன எண்ணை யோசித்துப் பேனாவை நிறுத்தினார்.

அன்று மாலையே ஜன்னலுக்குத் திரை கேட்டு எழுதிக் கொடுத்தாள்.