பிலோமினா மேடமும் வைக்கோல் தொட்டியும்

ஞாயிறு காலை டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது பிலோமினா மேடத்தின் மகள் போன் செய்தார். "அம்மா போயிட்டாங்க அங்கிள். தூக்கத்துலயே." எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தப்பாக நினைக்காதீர்கள், புற்றுநோயோடு அவர் பட்ட வலியைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெய்வேலி நகரியத்துக்கு வெளியே ஒரு சிறிய தனியார் ஆலையில் அவர் ஆய்வகப் பொறுப்பாளர். நான் ஷிப்ட் ஆபரேட்டர். வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் மூடிய தொட்டியில் அறுபது டிகிரிச் சூட்டில் ஊறவைத்து எரிவாயு எடுப்போம். உண்மையில் வேலை பார்த்தவை உள்ளே இருந்த நுண்ணுயிர்கள். அவற்றுக்குச் சூடுதான் சுகம். காற்றுப் பட்டால் ஆகாது. "நமக்கு நேர் எதிருங்க சார். ஏசியும் வேணாம், ஜன்னலும் வேணாம்" என்பார்.

நானோ பதினைந்து வருடம் கொதிகலனில் கிடந்தவன். திறந்து பார்த்தால்தான் எதையும் நம்புவேன். ஒரு மதிய ஷிப்டில் வாயு அளவைக் காட்டும் முள் லேசாக இறங்கியது. யாரும் இல்லாத நேரம் பார்த்து, மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி எட்டிப் பார்த்தேன். மறுநாள் முள் பூஜ்யத்தில் நின்றது.

தொட்டியைக் காலி செய்து ஆலையையே மூடிவிடலாம் என்றார் மேலாளர். மூடினால் கான்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். நான் வாயே திறக்கவில்லை. மேடம் பதிவேட்டில் 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பத்து நாள் குடுங்க சார்" என்று மேலாளரிடம் கேட்டார். "எல்லாம் சாகல. விதையாட்டம் சுருண்டுகினு கெடக்கும். சூடு கொறயாம பாத்துகினா எழுந்துக்கும். யாரும் தொட வேணாம்."

ஒன்பதாம் நாள் முள் அசைந்தது. நான் கழிவறைக்குள் போய் அழுதேன். மேடம் எல்லோருக்கும் மெதுவடை வாங்கித் தந்தார்.

ஆனால் அந்த ஒற்றை வரி அவர் பெயரில் நின்றுவிட்டது. பதவி உயர்வுப் பேச்சு வந்தபோதெல்லாம் அதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். அப்போதும் நான் பேசவில்லை. வெட்கக்கேடு.

போன மாதம் மருத்துவமனையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"மேடம், அன்னைக்கு மூடியத் தொறந்தது நான்தான்."

"தெரியும் சார். ரெண்டு போல்ட்ட கோணலா மாட்டியிருந்தீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே மேடம்?"

"கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பீங்க. அப்புறம் எப்படிங்க ஒண்ணா வேல செய்யறது?" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது, தண்ணீர் கொடுத்தேன்.

நேற்று கல்லறையில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, அவர் மகளிடமும் பழைய மேலாளரிடமும் அதையே சொன்னேன். இங்கேயும் எழுதிவிட்டேன். அந்தக் கவனக்குறைவு என்னுடையது. போய் வாருங்கள் மேடம்.