பதினோரு அரம் தொங்கிய பலகை

சென்ற வாரம் எங்கள் வாசல் பூட்டு மக்கர் பண்ணியது. நியூ டவுனில் பதினான்காம் மாடி வீடு. பூட்டு கெட்டாலும் கைபேசியில் தட்டித்தான் ஆளை வரவழைக்க வேண்டும். வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பையைத் தரையில் அப்படியே கவிழ்த்தார். திருப்புளி, சுத்தியல், இடுக்கி, நடுவில் நாலைந்து அரம், எல்லாம் கலகலவென்று ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. எனக்குப் பல் கூசியது.

"தாதா, உகோவை இப்படியா கொட்டறது? ஒண்ணோட ஒண்ணு இடிச்சா பல்லு போயிடுமே" என்றேன், எனக்குத் தெரிந்த வங்காளத்தில். அரத்துக்கு இங்கே உகோ என்று பெயர்; தாதா என்றால் அண்ணன், மாஷிமா என்றால் சித்தி.

"போகட்டும் மாஷிமா. எனக்கே நாலு பல்லு போயிடுச்சு" என்று வாயைத் திறந்து காட்டினார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் பூட்டின் நாக்கை அராவத் தொடங்கியதும் அந்த வாசனை வந்தது. சூடேறிய இரும்புத் தூளின் வாசனை, உதடு கிழிந்தால் வாயில் வருமே, அந்த மாதிரி. நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் போன பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

உங்களுக்கு அரம் என்றால் ஏதோ கரகரப்பான ஓர் இரும்புப் பட்டை, அவ்வளவுதானே? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து இந்த ஊருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஜாதவ்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கலாசி. கலாசி என்றால் ஃபிட்டருக்குக் கையாள். ஃபிட்டர் கேட்கிற சாமானை எடுத்துக் கொடுப்பவர். ஆனால் ஃபிட்டர்கள் கோணலாக விட்டதை இவர்தான் நேராக்கிக் கொடுப்பார் என்று ஊருக்கே தெரியும். நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தொழிற்சாலைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பாதியில் குடியிருந்தோம். பின்பக்கம் கம்பி போட்ட ஒரு வராந்தா. அதில் ஒரு மேஜையைத் தரையோடு முடுக்கி, அதன்மேல் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்றை மாட்டியிருந்தார். அதுதான் அவருடைய பட்டறை. பக்கத்து வீட்டுப் பெட்டிகளின் பூட்டு, தையல் மிஷின் பாகம், பாட்டு வாத்தியார் வீட்டு ஹார்மோனியத்தின் பித்தளை நாக்கு, எல்லாம் அந்த மேஜைக்குத்தான் வரும்.

அவரிடம் பன்னிரண்டு அரம் இருந்தது. தட்டை, சதுரம், முக்கோணம், உருண்டை, அரைவட்டம். சிலவற்றில் முரடு, நடுத்தரம், மழுமழு என்று வகை; அரைவட்டம் மட்டும் ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருப்பார். எதுவும் எதையும் தொடக் கூடாது. பித்தளைக்கு வைத்ததை இரும்பில் போடக் கூடாது. மனுஷருக்கு என்மேல் இவ்வளவு கவனம் இருந்தால் தேவலை என்று முணுமுணுத்திருக்கிறேன்.

கல்யாணமாகி ஏழாம் வருஷம் அவருக்கு ஃபிட்டர் பரீட்சைக்கு உத்தரவு வந்தது. வயது வரம்பு முடியப் போகிற வருஷம். அதை விட்டால் கடைசிவரை கலாசிதான். பரீட்சை எழுத்தில் இல்லை, கையில். ஓர் இரும்புத் தகட்டில் அரைவட்டமாகப் பள்ளம் அராவ வேண்டும். அதற்குள் உட்காரும் இன்னொரு துண்டும் அராவ வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்கள். நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் போச்சு. அவரவர் சொந்த அரத்தைக் கொண்டுவரலாம். துர்கா பூஜை விடுமுறை முடிந்த வாரத்தில் பரீட்சை.

இந்த ஊரில் தொழிற்சாலைக்காரர்களுக்கு விஸ்வகர்மா பூஜை. வானமெல்லாம் காற்றாடி பறக்கும். அது அவர்களுக்கு. எனக்கு ஆயுத பூஜைதான். ஊரே பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருந்த நவமி அன்று நான் வீட்டில் அருவாமணை, கத்தரிக்கோல், இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் தேய்த்துப் பொட்டு வைத்தேன்.

"அரத்துல ஒண்ணே ஒண்ண வச்சாப் போதும் சாமிக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கறிகாய் வாங்கப் போனார்.

ஒன்றை வைத்தால் மற்ற பதினொன்று என்ன பாவம் செய்தது? பரீட்சை வேறு வருகிறது. பன்னிரண்டையும் பிரித்தேன். கறுப்பாக இருந்தது. பித்தளைக் குடத்தைத் தேய்ப்பது மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஈரத்தில் துருப் பிடிக்குமே என்று துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினேன். அதன்மேல் சந்தனம், குங்குமம். வரிசையாகத் தாம்பாளத்தில் அடுக்கினேன். அந்த அழகை என்னவென்று சொல்ல.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் தொடவில்லை. விஜயதசமி காலையில் ஓர் அரத்தை எடுத்து இரும்பில் வைத்து இழுத்தார். சத்தமே வரவில்லை. சோப்புக் கட்டியை இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அரத்தின் பல்லுக்குள் எண்ணெய் இறங்கினால் அது இரும்பைக் கடிக்காது. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஏங்க, துணியால தொடச்சாப் போயிடாது?"

"பல்லுக்குள்ள போன சந்தனத்தத் துணி எப்படி எடுக்கும்?" என்றார். அவ்வளவுதான். இதற்கு அவர் நாலு வார்த்தை கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாடியில் இருந்த ஷிப்ரா பௌதி, பௌதி என்றால் அண்ணி, ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர். தாம்பாளத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏ கீ கொரேச்சோ! என்ன பண்ணி வச்சிருக்கே! உகோவுக்குக் கல்யாணமா பண்ணி வச்சே?" என்றாள். ஆனால் அவள்தான் பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து ஒரு பெட்டி சாக்பீஸ் கொண்டுவந்து கொடுத்தாள். அரத்தை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, கம்பித் தூரிகையால் பல் போகும் சாய்விலேயே தேய்த்து, பித்தளைத் தகட்டு முனையால் ஒவ்வொரு வரியாகக் கிண்டி, கடைசியில் சாக்பீஸைத் தேய்த்தால் மிச்ச எண்ணெயை அது குடித்துவிடும். அவர் சொல்லச் சொல்ல நான்தான் செய்தேன். அவரைத் தொடவிடவில்லை. நான் கெடுத்ததை நானே சரி பண்ணுவேன் என்று வீம்பு.

நாலு நாள் ஆயிற்று. கடைசியாகப் பன்னிரண்டாவது, அந்த அரைவட்ட அரம். அதற்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. தட்டைப் பக்கம் முடிந்தபோது மாடியில் பௌதி வீட்டு லக்ஷ்மி பூஜைக்குச் சங்கு ஊதினார்கள். கையைக் கழுவிக்கொண்டு போனேன். வந்து பார்த்தால் தட்டைப் பக்கம் மேலே இருந்தது, சாக்பீஸ் தூளோடு வெள்ளையாக. முடித்துவிட்டேன் என்றே நினைத்துக் காகிதத்தில் சுற்றினேன்.

பரீட்சை அன்று சாயங்காலம் வந்தார். பையை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். படியில் இறங்கிக்கொண்டிருந்த பௌதி கேட்டதற்கு, "கை வழுக்கிடுச்சு, பௌதி. வெளிச்சம் தெரிஞ்சுபோச்சு" என்று அவர் பதில் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் பையைத் திறந்தேன். அரைவட்டத்தைத் திருப்பினேன். வளைவுப் பக்கம் முழுக்க எண்ணெயில் குழைந்த இரும்புத் தூள், கண்மை மாதிரி அப்பியிருந்தது.

என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள். அவர் வந்ததும் காட்டியிருக்க வேண்டும். நான் புடவைத் தலைப்பால் துடைத்தேன். அழுத்தி அழுத்தித் துடைத்துப் பழையபடி காகிதத்தில் சுற்றி வைத்தேன். அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது, "காப்பி போடட்டா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் அவர் மேஜைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கதவுப் பலகை ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். அதில் வரிசையாகத் துளை வெட்டி, ஒவ்வொரு துளைக்கும் பழைய கம்பளித் துணியில் உள்பக்கம் மெத்தை வைத்து, வராந்தாச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கினார். அரங்களைப் பிடி மேலே, பல் கீழே என்று தொங்கவிட்டார். ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி. இடப்பக்கம் முரடு, வலப்பக்கம் போகப் போக மழுமழு; பித்தளைக்கானது கடைசியில் தனியாக. அரத்தின்மேல் அடித்திருக்கும் இங்கிலீஷ் எழுத்து எனக்குப் புரியாது என்று ஒவ்வொரு பிடியிலும் பெயிண்ட்டால் புள்ளி வைத்தார். முரட்டுக்கு ஒரு புள்ளி, நடுத்தரத்துக்கு இரண்டு, மழுமழுவுக்கு மூன்று.

எண்ணினேன். பதினோரு துளைதான்.

"ஒண்ணு கொறையுதே. அரைவட்டம் எங்கங்க?"

"அது தேஞ்சிருச்சு."

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத அரம். அவர் பெயிண்ட் டப்பாவை மூடிக்கொண்டே, "இனிமே இதெல்லாம் உன் பொறுப்பு" என்றார்.

இது நம்பிக்கையா, தண்டனையா? இட்லி மாவு கரைக்கும்போதும் ரேஷன் வரிசையில் நிற்கும்போதும் இதையே யோசித்திருக்கிறேன்.

ஆனால் பொறுப்பு என்று வந்த பிறகு நான் விட்டேனா? இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியும். ஆடியில் உப்பு தண்ணீராகிவிடும், செருப்பில் பூசணம் பூக்கும். நான் மழைக்காலம் முழுக்கப் பதினொன்றையும் தகரப் பெட்டிக்கு மாற்றி, ஒரு மூலையில் சுண்ணாம்புக் கல், ஒரு மூலையில் கற்பூரம் வைத்து மூடுவேன். கல் பூத்துப் பொடியானால் புதுக் கல். வேலை முடிந்து அவர் வைத்தால் உடனே தூரிகை போட்டு, சாக்பீஸ் தடவித் துளையில் மாட்டுவேன். பல்லை நகத்தால் தடவினாலே எது எதுவென்று சொல்வேன். ஒன்று தேங்காய்த் துருவி, ஒன்று ரவை, ஒன்று சலித்த மாவு. புள்ளியைப் பார்க்கவே வேண்டியதில்லை. அவர் கையை நீட்டுவார், கேட்கிறது கைக்குப் போகும். தொழிற்சாலையில் அவர் ஃபிட்டருக்கு எடுத்துக் கொடுத்தார், வீட்டில் நான் அவருக்கு.

அன்றைக்குப் பரீட்சையில் தேறிய தத்தா பாபு ஒரு தடவை வந்து, மழுமழு அரம் ஒன்றை இரவல் கேட்டார். அவர்தான் அப்போது இவருக்கு மேலே. இவர் எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினார்.

"குடுக்கறதில்ல" என்றேன் நான்.

"பௌதி, ரெண்டே நாள்" என்று என்னிடம் கெஞ்சினார்.

"பொண்ணு கேட்டு வந்தாலும் யோசிப்பேன். அரம் கிடையாது. சாமானைக் கொண்டாங்க, இங்கேயே அராவித் தருவாரு."

தத்தா பாபு போன பிறகு இவர் சிரித்தார். பரீட்சைக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். தத்தா பாபு மறுநாள் சாமானோடு வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கலாசியாகவே அவர் ஓய்வு பெற்றார். மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கை நடுங்கத் தொடங்கிய பிறகு அராவுவதை நிறுத்திவிட்டார். ஆனால் வராந்தாவில்தான் உட்காருவார். கடைசி வருஷம், மழை விட்ட ஒரு காலையில், நான் பெட்டியிலிருந்து எடுத்துப் பலகையில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"பதினொண்ணும் சரியா இருக்கா?"

என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. "பன்னெண்டு இருக்கணும்" என்றேன்.

அவர் கம்பிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு வளைவுப் பக்கம் எண்ணெய் இருந்துச்சு. நான் தொடச்சு வச்சேன்."

"பாத்தேன்" என்றார். "சோப்பு எடுக்கத் திரும்பி வந்தேன். நீ தலைப்பால தொடச்சிட்டிருந்த."

முப்பத்திரண்டு வருஷம். எனக்குக் கையில் இருந்த அரத்தை மாட்ட வரவில்லை.

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீ இல்லைன்னுடுவ. அதுக்கப்புறம் அதையும் வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்தறது?"

சரியாகத்தான் சொன்னார். இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை அவருக்குத் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. அரத்தை மாட்டிவிட்டு அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். அவர் என் தலையில் கை வைத்தார். எடுக்கவே இல்லை. பொறுப்பு என்று அன்று கொடுத்தீர்களே, அது எதற்காக என்று கேட்க வாய் வரை வந்தது. பௌதி மாடியிலிருந்து பாயசம் கொண்டுவந்தாள். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். நாளைக்கும் கேட்கவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. அந்தக் கார்த்திகையில் அவர் போய்விட்டார்.

பிறகு ப்ரொமோட்டர் வந்தார். பழைய வீடுகளை வாங்கி இடித்து அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். பௌதி மகளோடு பூனாவுக்குப் போனாள். என் மகன் என்னை நியூ டவுனுக்குக் கூட்டிவந்தான். பலகையைக் கழற்றப் பார்த்தான். அவன் அப்பா போட்ட போல்ட் அசையவில்லை. "விடும்மா, செவுத்தோட வரும்போல" என்றான். அரங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டேன். இங்கே குளிர்சாதனம் ஓடுகிறது, ஈரமே இல்லை. நான் ஒன்றும் செய்யாமலே துருப் பிடிக்காமல் இருக்கின்றன. அது எனக்கு என்னவோ போலிருக்கிறது.

போன தை மாதம் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது டாக்ஸியை அந்தத் தெருவில் நிறுத்தச் சொன்னேன். நாலு மாடி நிற்கிறது. வராந்தா இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்; ஒரு வெள்ளைக் கார் நின்றது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் எழுந்து வந்தார்.

"யாரைப் பார்க்கணும், மாஷிமா? பேரைச் சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து நான் என் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில்கூடச் சீட்டைத்தான் நீட்டுவேன். அன்று சொன்னேன். காவல்காரர் குடியிருப்பவர்கள் பெயர் எழுதிய நோட்டை எடுத்து, விரலை எச்சில் தொட்டு, முதல் மாடியிலிருந்து ஒவ்வொரு பெயராகத் தேடத் தொடங்கினார்.