ஊழியரின் உறவினருக்கு அனுமதி இல்லை

அமெரிக்காவின் ஃபால் ரிவர் நகரத்தில் ஃபுர்டாடோ வீட்டு மனிதரைக் குடிகாரர் என்றுதான் வெகுகாலம் பேசினார்கள். பட்டப்பகலில் தள்ளாடி நடப்பார்; பேச்சு குழறும். ஒரு சொட்டு ஒயின் தொடாதவர் அவர். போர்ச்சுகலின் அசோர் தீவுகளிலிருந்து வந்த சில குடும்பங்களில் பரம்பரையாக ஓடும் மூளை நோய் அது என்று தெரிவதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டார். பிள்ளைகளில் யாரைப் பிடிக்கும், யாரை விடும் என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். மூத்தவள் ஐடாலினா அதற்கு மறுத்துவிட்டாள். தம்பி ஒராசியோவுக்குப் பரிசோதனையே தேவைப்படவில்லை. முப்பது தாண்டியதும் கால் பின்ன ஆரம்பித்தது.

ஐடாலினா வேலை பார்த்தது அதே நோய்க்கு மருந்து தேடும் ஒரு சிறிய நிறுவனத்தில். மூளைக்குள் கிளம்பும் அழற்சியை அடக்கினால் நரம்புகள் சாவது தள்ளிப்போகும் என்று அங்கே நம்பினார்கள். அந்த நோயுள்ள எலிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மருந்து கொடுத்த எலிகள் மற்றவற்றைவிட நன்றாகவே நடந்தன.

"அக்கா, எலிக்கு ஊட்டுறதுல எனக்கு ஒரு வாய் கொண்டாந்தா கொறஞ்சா போயிடுவ?"

"வால் மொளைச்சிடும்டா. பேசாம சூப்பைக் குடி."

சிரித்தபடிதான் சொன்னாள்.

அந்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்றதும், தம்பியைச் சேர்க்கச் சொல்லித் தன் மேலதிகாரி லிண்டாவிடம் ஓடினாள்.

"ஊழியர் குடும்பத்துல யாரையும் சேர்க்க முடியாது, ஐடாலினா. முடிவையே யாரும் நம்ப மாட்டாங்க."

"நான் வேலையை விட்டுட்டா?"

"விட்டு ஆறு மாசம் ஆகணும்." லிண்டா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அந்த வாரமே விட்டாள். ஆனால் ஒராசியோவின் கால்கள் ஆறு மாதம் காத்திருக்கவில்லை. எதையும் பிடிக்காமல் ஆஸ்பத்திரி நடைபாதையைக் கடந்தால்தான் சேர்ப்பார்கள். பாதி தூரத்தில் அவன் கை சுவரைத் தேடியது. நர்ஸ் மெதுவாக, "போதும், உட்காருங்க" என்றாள்.

திரும்பும் வழியில் காரில் அவன்தான் பேசினான். "உன்னால இன்னும் நடக்க முடியுதுல்ல? நீ அந்த மருந்துக்குச் சேந்துக்கோ."

"எனக்கு நோய் இல்லடா."

"இப்பல்லாம் கைப்பிடிய விடாம படி எறங்குறியே. அப்பாவும் அப்படித்தான் எறங்குவாரு."

"வாயை மூடு!"

காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதாள். இத்தனை வருஷம் அவள் பார்க்காமல் இருந்ததை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

பரிசோதனை அவன் சொன்னதையே சொன்னது. அந்தச் சீட்டைக் காட்டித்தான் மருந்துச் சோதனையில் சேர்ந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு வெறும் மாவு மாத்திரைதான் கொடுப்பார்கள்; தனக்குக் கிடைத்தது எது என்று யாருக்கும் தெரியாது. காலையில் எழுந்ததும் பாதங்களை உற்றுப் பார்ப்பாள். இன்று பரவாயில்லையோ? நினைப்புத்தானோ? கேட்டுச் சொல்ல ஆளில்லை. ஒராசியோவிடம் கேட்க வாய் வராது. அவனுக்கு அதுவும் கிடைக்கவில்லையே.

ஒன்றரை வருஷம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் தின்றது நிஜ மருந்துதான். அழற்சி குறைந்திருந்தது. நடையில் மட்டும் யாருக்கும் எந்தப் பலனும் இல்லை.

சில வாரங்களில் லிண்டா ஃபோன் செய்தாள். "வேற ஒரு மருந்து ஆரம்பிக்கிறோம். எலிகளைப் பார்த்துக்க உங்க கை எனக்கு வேணும். ஆனா வந்தா..."

"தெரியும். ஊழியருக்கு அந்த மருந்து கிடையாது."

ஒராசியோ சக்கர நாற்காலியிலிருந்து கத்தினான். "பைத்தியமா உனக்கு? வெளியில இருந்தா அடுத்ததுலயாவது சேரலாம்!"

"அது வர்றதுக்குள்ள எனக்கும் சுவர் வேண்டியிருக்கும்டா. வீட்ல உட்காந்து காலையே பாத்துட்டிருக்க என்னால ஆகாது."

திங்கட்கிழமை ஐடாலினா வேலைக்குப் போனாள். மாடியிலிருந்து இறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள், அதை மறைக்கவில்லை.