பதினான்கு பூனைகள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் பூனைக்காரி என்று பெயர். பூனை வளர்ப்பவள் அல்ல, வரைபவள். வரைபவள் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். எட்டு என்று எழுதி, மேல் வட்டத்துக்கு இரண்டு காது, கீழ் வட்டத்துக்கு ஒரு வால், அவ்வளவுதான். "அம்மா, இது பூனையா, காது முளைச்ச உருளைக்கிழங்கா?" என்று மகள் கேட்பாள்.

வேலைக்கு வந்த புதிதில் அவளுடைய குரல் நடுங்கும். எதிர்முனையில் அலறுகிறவர்களுக்கு அந்த நடுக்கம் தொற்றிக்கொள்ளும். நடுக்கம் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். குரலில் இறங்குவதற்குப் பதில் கையில் இறங்கட்டும் என்று ஒருநாள் பேனாவை ஓடவிட்டாள். பூனை வந்தது. குரலில் நடுக்கம் நின்றது. பதினோரு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

போகப் போக அதற்கு ஒரு கணக்கும் அமைந்தது. யாருடைய நெஞ்சையாவது அமுக்கச் சொல்லும்போது நிமிடத்துக்கு ஒரு பூனை, அழைத்தவர் உரக்க எண்ணும் பத்து அமுக்கலுக்கு அதன் வயிற்றில் ஒரு புள்ளி. பக்கத்து மேசைக்காரிக்கு மட்டும் இது தெரியும். தாளின் மேல்பாதியில் முகவரி, கீழ்பாதியில் பூனைகள். அழைப்பு முடிந்ததும் கீழ்பாதியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மேல்பாதியைக் கோப்பில் வைப்பாள்.

அன்று கிழிக்கவில்லை. ஓர் அழைப்பு முடிந்த கையோடு அடுத்தது வந்ததால், தாள் முழுசாகவே கோப்புக்குள் போய்விட்டது.

அந்தத் தாள்தான் இப்போது விசாரணை அதிகாரியின் மேசைமேல் கிடந்தது. அழைப்புகளைப் பதிவு செய்யும் கருவி அந்த வாரம் பழுதாகிக் கிடந்ததால், தாளை விட்டால் வேறு பதிவு இல்லை. அழைத்தவன் எதிரே உட்கார்ந்திருந்தான். வெல்டிங் பட்டறைக்காரன், இருபத்தைந்து வயது இருக்கும். அவனுடைய அப்பா சமையலறையில் விழுந்தார்; வண்டி பாலத்து நெரிசலில் மாட்டி, வந்து சேரப் பதினான்கு நிமிடம் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"எங்கப்பா உயிருக்குப் போராடிட்டிருந்தாரு சார். இந்தம்மா பூனை வரைஞ்சிட்டிருந்திருக்காங்க." அவன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். "இந்தக் கையால கடைசி வரைக்கும் அமுக்கினேன். ஒரு நொடி விடல. இவங்க ஒழுங்காச் சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாரு."

அதிகாரி தாளை அவள் பக்கம் தள்ளினார். "பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டிடும்னு நெனச்சீங்களாம்மா? இதுக்குப் பதில் சொல்லுங்க. வேலை போற விஷயம்."

சாட்சியாக வந்திருந்த பக்கத்து மேசைக்காரி அவள் முழங்கையை இடித்தாள். "புள்ளியப் பத்திச் சொல்லுக்கா," என்று முணுமுணுத்தாள்.

அவள் தாளைப் பார்த்தாள். பதினான்கு பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முதல் ஒன்பதுக்கும் வயிறு நிறையப் புள்ளிகள். பத்தாவதுக்கு இரண்டு. மற்ற நான்கும் வெறும் வயிறு.

பத்தாவது நிமிடம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "அக்கா, அப்பா மூஞ்சி மாறிடுச்சுக்கா. எனக்குப் பயமா இருக்கு." அதன்பிறகு அழுகைதான். விடாதீங்க தம்பி, அமுக்குங்க தம்பி என்று நான்கு நிமிடம் அந்த அழுகையிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அமுக்கியிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பது எந்த மருத்துவருக்கும் தெரியாது. ஆனால் புள்ளிக்கு அர்த்தம் சொன்னால் அவளுக்கு வேலை தப்பும். அவனுக்கு அந்த நான்கு பூனைகளும் சாகும்வரை வீட்டைச் சுற்றி வரும்.

"சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே தாளை இழுத்துப் பார்த்தான். ஆத்திரத்தோடுதான் இழுத்தான். பிறகு அவன் விரல் பூனை பூனையாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"இதுக்கெல்லாம் புள்ளி வச்சிருக்கீங்க. இந்த நாலுக்கு ஏன் இல்ல?"

பக்கத்து மேசைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இப்போதுதான் புரிந்திருந்தது.

"சும்மா வச்சதுதான் தம்பி. பொழுதுபோக்கு. அப்புறம் கை வலிச்சுது, விட்டுட்டேன்."

"கை வலிச்சுதா?" அவன் சிரிக்கப் பார்த்தான். "பேனா புடிச்ச கைக்கே வலின்னா..." தாளை மேசையில் வைத்தான். கைகளை மடிக்கு இறக்கிக்கொண்டான்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். கவனக்குறைவு, ஒப்புக்கொண்டார், தொலைபேசிப் பணியிலிருந்து நீக்கம். கையெழுத்துப் போட அவளுக்கு இரண்டு நொடிதான் ஆனது.

வெளியே வந்ததும் பக்கத்து மேசைக்காரி பொரிந்து தள்ளினாள். "உனக்கென்ன பைத்தியமாக்கா? அவன் யாரு, உன் கூடப்பொறந்தவனா?"

"அக்கான்னு கூப்பிட்டான்ல," என்றாள் அவள்.

நடைவழியில் அவன் சுவரோரமாக நின்றிருந்தான். அவள் கடந்து போனபோது நிமிரவில்லை. உள்ளங்கைகளை விரித்து, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தான்.

அப்போது அவளுக்குத் தெரிந்தது, பொய் போய்ச் சேரவில்லை என்று.