முதல் அம்பின் தூரம்

கனடாவின் வடபகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் நான் சமூகநலப் பணியாளராக இருக்கிறேன். அங்கே கடைக்கு வரும் இறைச்சி லாரியில் நெடுந்தொலைவு பயணம் செய்து வருவது. ஊர்க்காரர்களில் பலர் இலையுதிர்காலத்தில் ஒரு மூஸை வேட்டையாடிப் பல வீடுகளுக்குப் பகிர்ந்துகொள்கிறார்கள். மான் இனத்திலேயே பெரியது மூஸ். நம் உழவுமாடு அதன் அருகில் நின்றால் கன்றுபோலத் தெரியும். இறைச்சி உண்பவன் கொல்லும் பொறுப்பைப் பிறர் கையில் விட்டுவிட்டு ஒதுங்கியிருப்பது சரியா என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக இருந்தது. என்னுடன் பணிபுரியும் செவிலியர் வில்வேட்டைக்கு அழைத்தபோது அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். மூஸைப்போலக் குரல் கொடுத்து அதை வரவழைப்பது அவர் வேலை. எவ்வளவு அருகில் வந்தால் நான் அம்பு விடுவேன் என்பதை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அம்பு நுரையீரலில் பாய்ந்தால் விலங்கு சிறிது நேரத்தில் விழுந்துவிடும். இரண்டு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் பாய்ந்தால் காட்டுக்குள் ஓடி, நெடுநேரம் துடித்துச் சாகும். எனவே சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் நான் தவறாமல் அம்பைச் செலுத்தக்கூடிய தூரமே என் தூரம்.

அந்தத் தூரத்தைக் கண்டறியும் வேலையோடுதான் விடுமுறைக்கு மதுரை வந்தேன். கோச்சடையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வில்லை எடுப்பது பக்கத்து வீட்டாருக்கு ஆபத்து. அழகர்கோவில் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மாமா மகனிடம் இடம் கேட்டேன்.

"வெளிநாட்டுல இருந்து வந்தா சென்ட்டு, சாக்லேட்டு கொண்டாருவாய்ங்க. நீ என்ன மாப்ள, வில்லு கொண்டாந்திருக்க?" என்றான். ஆனாலும் செல்லூர்த் தறிக்கூடம் ஒன்றிலிருந்து கழிவு நூல் வாங்கிவந்து, பெரிய சாக்கில் இறுக்கித் திணித்து எனக்கு இலக்கு செய்துகொடுத்தவன் அவன்தான். கிணறு வெட்டிய மண்மேட்டின் முன்னால் அதை நிறுத்தி, தட்டு அளவுக்குக் கரியால் வட்டம் போட்டோம். மலையடிவாரமாதலால் மயில்கள் வரும். வில்லோடு திரிபவனைக் கண்டால் மயிலடிக்க வந்தவன் என்று யாரும் தவறாக நினைக்கக்கூடும். பக்கத்துத் தோட்டத்தாரிடம் விவரம் சொல்லிவிட்டே தொடங்கினேன்.

அம்மாவின் சிக்கல் வேறு. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை.

"வேட்டை எப்படா?"

"புரட்டாசிலம்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "பெருமாளுக்குன்னு அந்த மாசம் பூரா நம்ம வீட்டுல ஒரு முட்டைகூட வாங்குறதில்ல. நீ அம்புட்டுப் பெரிய உசுரக் கொல்லப் போறியா?"

வேட்டைக்காலத்தை அந்நாட்டு அரசு வகுக்கிறது என்று விளக்கினேன். மாமா மகன் இடையில் புகுந்தான். "விடுங்கத்தை. கறிய ஐஸ்பெட்டியில போட்டுருவான். ஐப்பசி பொறக்குற வரைக்கும் அதுவும் வெரதம் இருக்கட்டும்."

"நீ வாய மூடுறா," என்றார் அம்மா. அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சம்மதம் என்றும் சொல்லவில்லை.

ஆடிக்காற்று ஓயாத நாட்கள் அவை. காலையில் முதல் சில அம்புகள் அங்குமிங்கும் போகும். அவற்றைக் கை பழகுவதற்கானவை என்று ஒதுக்கிவிடுவேன். அதன்பின் நாற்பது கெஜத்திலிருந்தும் அம்புகள் வட்டத்துக்குள் சேர்ந்து நின்றன. செவிலியருக்கு நாற்பது என்றே எழுதுவதாக இருந்தேன்.

ஆவணியில் ஒருநாள் அம்மாவை அழகர்கோவிலுக்கு அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில், கோயில் தோசைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மாமா மகன் நாற்காலி போட்டான்.

"ஒரே ஒரு அம்பு விடு, பாத்துட்டுப் போவோம். தோசை ஆறுது."

விட்டேன். அம்பு வட்டத்துக்கு வெகுவாக வெளியே தைத்தது.

"வயித்துல குத்திட்டியே மாப்ள," என்றான் அவன்.

"இன்னும் கை பழகலம்மா. நாலு அம்பு விட்டாத்தான் சரியா வரும்."

"கருப்பசாமிக்குக் கெடா வெட்டுறவரு, நாலு வெட்டு வெட்டிப் பழகிட்டுத்தான் வெட்டுறாராடா?"

எங்கள் குடும்பத்தில் கிடா ஒரே வெட்டில் விழ வேண்டும். இரண்டாவது வெட்டு தேவைப்பட்டால் யாரும் பந்தியில் மனமொப்பி உட்காருவதில்லை. அதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வந்தவன் நான். அன்று மேலும் மூன்று அம்புகள் விட்டேன். மூன்றும் வட்டத்துக்குள் விழுந்தன. அம்மா தோசையைப் பிட்டு மாமா மகனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினேன். தோட்டத்துக்குப் போய் இறங்கியதும் ஒரே ஓர் அம்பு; பிறகு வில்லை உறையிலிட்டுத் திரும்பிவிடுவேன்.

"இந்த ஒத்த அம்புக்கா மாப்ள இம்புட்டுப் பெட்ரோலு?" என்று அவன் புலம்பினான்.

நாற்பதில் அந்த ஒற்றை அம்பு பலமுறை தவறியது. முப்பதிலும் நம்ப முடியவில்லை. இருபது கெஜத்தில் மட்டும் ஒருநாளும் வட்டத்தைத் தாண்டவில்லை. இருபது என்று எழுதினேன். அவ்வளவு கிட்டத்தில் வராமலே பருவம் முடிந்துவிடலாம் என்று செவிலியர் பதில் எழுதினார். தெரியும் என்றேன்.

புறப்படும் நாளில் அம்மா பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். "அம்புட்டுக் கிட்டக்க வரலைன்னா?"

"போக விட்டுருவேம்மா."

"சரி, போயிட்டு வா." பருப்புப்பொடிப் பொட்டலங்களைப் பெட்டிக்குள் திணித்தார். "புரட்டாசிக்கு ஆகும்."

புரட்டாசியில் ஒரு விடியற்காலை, சதுப்புநிலத்தின் ஓரத்தில் ஒரு மூஸ் வந்தது. முப்பது கெஜம் இருக்கும். பக்கவாட்டில் அசையாமல் நின்றது. மதுரையில் நான்காவது அம்பு என்றால் வட்டத்துக்குள் விழுந்திருக்கும்; முதல் அம்பை நம்ப முடியாத தூரம் அது. நான் வில்லை உயர்த்தவில்லை. செவிலியர் மீண்டும் மெல்லக் குரல் கொடுத்தார். அது காதைத் திருப்பிக் கேட்டது. பிறகு நீரில் இறங்கி அக்கரைக்குப் போய்விட்டது. பருவம் முடியும்வரை வேறொன்று வரவில்லை.

பருவம் முடிந்த அந்தச் சனிக்கிழமை அம்மா தொலைபேசியில் கேட்டார். "வந்துச்சா?"

"வந்துச்சும்மா. முப்பதுல நின்னுச்சு."

"அப்புறம்?"

"போயிருச்சு."

"பருப்புப்பொடி மிச்சம் இருக்காடா?" என்றார்.